தூக்காத கை

ஏரியில் தண்ணீர் வந்துவிட்டால் எங்களுக்கு பைக் ரேஸ் கிடையாது. பொங்கல் கழிந்து தரை காய்ந்ததும் ஆரம்பிக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் முடிந்துவிடும். புத்தூர் பக்கம், நகரி பக்கம், வற்றிக் கிடக்கிற ஏரி எதுவானாலும் சரி. கயிறு கட்டி, மண் மூட்டை அடுக்கி, பத்துப் பன்னிரண்டு வண்டி விடுவோம். எல்லாம் பழைய வண்டிகள். லைட்டு, மட்கார்டு கழற்றி எடுத்தவை. வார நாட்களில் எல்லோருக்கும் வேறு வேலை உண்டு. நான் ரேணிகுண்டாவில் வெல்டிங் பட்டறையில் இருக்கிறேன். ஏழாவது வரை படித்தேன்.

எங்கள் ரேஸில் கொடி காட்ட ஆள் இல்லை. தூசிதான் ஆபத்து. முன்னால் போகிறவன் கிளப்பும் தூசியில் பின்னால் வருகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒருவன் விழுந்ததைப் பார்த்தவன் இடது கையைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும். தூசிக்கு மேலே கை தெரியும். பின்னால் வருகிறவன் ஓரம் கட்டுவான். அவனும் கை தூக்குவான். குண்டும் குழியுமான தரையில் ஒரு கையால் வண்டியைப் பிடிக்க வேகத்தைக் குறைத்தாக வேண்டும். அரை செகண்டு போகும். சில நேரம் ஒரு இடம் போகும். அதற்காக யாரும் தூக்காமல் இருந்ததில்லை.

நான் தூக்கவில்லை.

அந்த வருஷத்தின் கடைசி ரேஸ். முதலில் போனவன் காளஹஸ்திக்காரன், எங்களைவிட வயதில் சின்னவன். நான் இரண்டாவது. என் பின்னால் என் கூட்டாளி. நானும் அவனும் ஒரே தெரு. வண்டி கற்றுக்கொண்டதும் ஒன்றாகத்தான். வளைவில் காளஹஸ்திக்காரனின் பின்சக்கரம் வழுக்கியது. வண்டி ஒரு பக்கம் போனது, அவன் ஒரு பக்கம் விழுந்தான். நான் நன்றாகப் பார்த்தேன். அவன் எழுந்திருக்க முழங்காலை ஊன்றியதைக்கூடப் பார்த்தேன். முதல் இடம் காலியாகிவிட்டது என்றுதான் தோன்றியது. இரண்டு கையும் ஹேண்டில்பாரிலேயே இருந்தன. அவனைத் தாண்டிப் போனேன்.

பின்னால் சத்தம் கேட்டது. தகரத்தை உதைத்த மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். அதற்குள் அடுத்த வளைவு வந்துவிட்டது. கரையில் போய் மோதினேன்.

எனக்கு வலது கால் கீழ் எலும்பு உடைந்தது. பிளேட் வைத்தார்கள். கூட்டாளிக்கு வலது மணிக்கட்டு. காளஹஸ்திக்காரனுக்குக் கால் இரண்டு இடத்தில் உடைந்தது. என் கூட்டாளியின் வண்டிதான் அதன் மேல் ஏறியது.

திருப்பதியில் ஒரே ஆஸ்பத்திரியில் இருந்தோம். கூட்டாளிக்கு நடந்தது எதுவும் ஞாபகமில்லை. வளைவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது அவனுடைய ஞாபகம். மூன்றாம் நாள் கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தான்.

"கைய தூக்கினியா?"

"தூக்கனேன்."

என் காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தான்.

"அப்போ நான்தான் பாக்கல" என்றான்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிறைந்தது. என்னால் நடக்க முடியாது, அவனால் எதையும் பிடிக்க முடியாது. தினமும் சாப்பிட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். காலிப் பெயிண்ட் டின் மேல் கேரம்போர்டை வைத்து ஆடுவோம். அவனுக்கு வலது கை விரல்கள் மரத்துக் கிடந்தன. இடது கையால் கற்றுக்கொண்டான்.

"இன்னா மொண்டி, ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவான்.

"வாடா சொத்தக் கை" என்பேன்.

"ரெண்டு பேரையும் ஒட்டிப் போட்டா ஒரு முழு ஆளு தேறும்" என்பாள் என் மனைவி.

முதல் வாரம் ஸ்ட்ரைக்கர் போர்டைத் தாண்டிப் பறந்தது. பிறகு காய் குழிக்குப் பக்கத்தில் போனது. பிறகு விழ ஆரம்பித்தது. நான்தான் மோசமாக ஆடினேன்.

சனிக்கிழமைகளில் மட்டும் வரமாட்டான். காளஹஸ்திக்குப் போய்விடுவான். அந்தப் பையனை ஆட்டோவில் வைத்துக் காலுக்குப் பயிற்சி கொடுக்கிற இடத்துக்குக் கூட்டிப் போய், திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு வருவான். யாரும் கேட்கவில்லை. அவனாகவே செய்தான். ஞாயிற்றுக்கிழமை வந்து, எத்தனை அடி நடந்தான் என்று என்னிடம் சொல்வான். நான் கேட்டுக்கொள்வேன்.

எனக்கு ஒன்று ஆரம்பித்தது. கட்டு மாற்ற மனைவியோடு திருப்பதிக்கு பஸ்ஸில் போனேன். மாடு ஒன்று குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக் போட்டார். என் இடது கை தானாக மேலே போய்விட்டது. நான் தூக்கவில்லை, அதுவாகப் போனது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "இக்கட ஸ்டாப் லேது" என்றார், இங்கே ஸ்டாப் இல்லையாம். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"யாருக்குக் கை காட்டின?" என்றாள் மனைவி.

"யாருக்கும் இல்ல."

பிறகு வீட்டில் தட்டு விழுந்தாலும் போனது. தெருவில் சைக்கிள் சாய்ந்தாலும் போனது. அன்றைக்கு வராத கை. அதை மடியில் வைத்து மற்றக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கார்த்திகையில் ஒரு நாள் கூட்டாளி நேரம் கழித்து வந்தான். காய் அடுக்கவில்லை.

"கண்ணு டாக்டர்கிட்ட போய்க்கினு வரேன்" என்றான்.

"இன்னாவாம்?"

"ஒண்ணும் இல்லியாம். கடேசி வரி பொடி எழுத்து வரிக்கும் படிச்சேன்."

"நல்லதுதானே."

"இன்னா நல்லது? கண்ணு நல்லா கீது. நீ கை தூக்கிக்கீற. அப்போ நான் பாத்துக்கினேதான் ஏத்திக்கீறேன்."

"அப்டிலாம் இல்லடா."

"பின்ன எப்டி? நீயே சொல்லு. ஒரு எடம் முன்னால போலாம்னு ஏத்திக்கீறேன். எனக்கே தெரியாம எனக்குள்ள அப்டி ஒருத்தன் கீறான்."

நான் ஸ்ட்ரைக்கரை வைத்து அடித்தேன். எதன் மேலும் படாமல் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு அவன் ஆட வரும்போது பேச்சு குறைந்தது. சாப்பாடும் குறைந்தது. அவன் மனைவி வந்து என் மனைவியிடம் சொன்னாள்: "துன்றதே இல்லக்கா. வண்டியப் பாத்தா மூஞ்சத் திருப்பிக்கினு போவுது." சமையலறையில் பேசினார்கள். எனக்கு எல்லாம் கேட்டது.

பொங்கலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது சொன்னான்.

"சனிக்கெழம நீயும் காளஸ்திக்கு வா. அவன்கிட்ட சொல்லிடப் போறேன்."

"இன்னாத்த?"

"பாத்துக்கினேதான் ஏத்தினேன்னு. வண்டிய அவனுக்கே குடுத்துட்றேன். எனக்கு இனிமே ரேஸ் வேணாம்."

"நான் எதுக்கு?"

"நீ கை தூக்கினத சொல்றதுக்கு. நான் சும்மா சொல்றேன்னு நெனப்பான்."

சனிக்கிழமை போனோம். நான் கட்டையை ஊன்றிக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் எனக்கு விட்டுக் கொடுத்தான்.

காளஹஸ்திக்காரன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். காலைச் சுற்றி இரும்பு வளையங்கள், கம்பிகள். பக்கத்தில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்தான். விழுந்த பிறகு பிடித்த பழக்கம். எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

"ரா அண்ணா, வா. ரெண்டு பேரும் ஜோடியா வந்துகீறீங்க. இதுங்கள பாருங்க. ஒண்ணுக்கும் காலே இல்ல, இன்னா ஓட்டம் ஓடுது."

கூட்டாளி சிரிக்கவில்லை. தரையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நீ விழுந்ததும் இவன் கை தூக்கினான். நான் அத..."

"நான் தூக்கல" என்றேன்.



கூட்டாளி என் பக்கம் திரும்பினான். "தூக்கனேன்னு சொன்னியே."

"பொய்."

"நான் கண்ணு டாக்டர்கிட்ட போனது தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்பகூட கேரம் ஆடின."

"ஆமா."

அவன் வேறொன்றும் கேட்கவில்லை. காளஹஸ்திக்காரன்தான் கேட்டான். சிரிப்பு போயிருந்தது.

"ஏன் தூக்கல?"

"உன் எடம் வேணும்னு இருந்தது."

"கெடச்சுதா?"

"அடுத்த வளைவு வரிக்கும்."

அவன் தன் காலைப் பார்த்தான். மீன் தீனி டப்பாவின் மூடியை எடுத்து மெதுவாகத் திருகி மூடினான். பிறகு என் கூட்டாளியிடம் சொன்னான்.

"டைம் ஆச்சு அண்ணா. போலாமா?"

கூட்டாளி எழுந்தான். அக்குளில் தோள் கொடுத்து அவனைத் தூக்கினான். வாசலில் செருப்பை மாட்டிவிட்டான். இருவரும் ஆட்டோவில் ஏறிப் போனார்கள். என்னை வா என்றோ போ என்றோ ஒருவரும் சொல்லவில்லை. மீன்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவன் அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "டீ குடிக்கிறியா நைனா?" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தப் பொங்கலுக்குப் பிறகு கூட்டாளி மறுபடி வண்டி எடுத்தான். காலையில் தெருவில் அவன் வண்டி போகிற சத்தம் கேட்கும். எந்த கியர் என்றுகூடச் சொல்லிவிடுவேன். எங்கள் வீட்டு வாசலில் சத்தம் குறையாது. சனிக்கிழமை காளஹஸ்திக்குப் போவதையும் அவன் நிறுத்தவில்லை. என் மனைவி கேரம்போர்டைக் கழுவி அதன் மேல் வடாம் காய வைத்தாள்.

அந்த வருஷம் நான் ரேஸுக்குப் போகவில்லை. பார்க்கவும் போகவில்லை. கால் கூடியது. மழை வந்தது. அந்த மழைக்காலம் முழுக்க அவன் வரவில்லை. நான் பட்டறைக்குப் போனேன், வந்தேன். தெருமுனையில் எதிரெதிரே வந்தால் எங்களில் ஒருவன் டீக்கடைப் பக்கம் திரும்பிக்கொள்வான்.

அடுத்த பொங்கல் கழிந்து ஒரு மாதம் இருக்கும். வாசலில் வண்டி நின்றது. இன்ஜினை அணைக்கவில்லை. நான் வெளியே போனேன்.

"கால் எப்டி கீது?"

"கூடிடுச்சி."

"ஞாயித்துக்கெழம ரேஸு. உன் பேரும் குடுத்துட்டேன்."



"வேணாம்டா" என்றேன்.

"வேணுமா வேணாமான்னு நான் கேக்கல." கியரைப் போட்டான். "ஆனா இனிமே உன் பின்னால நான் வரமாட்டேன். என் பின்னால நீ வா."

போனேன். காளஹஸ்திக்காரன் கயிற்றோரம் ஊன்றுகோலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான். 

ஐந்து ரவுண்டு. ஐந்திலும் கூட்டாளியின் பின்னாலேயே போனேன். இரண்டு இடத்தில் முந்தியிருக்கலாம். முந்தவில்லை. கண்ணெல்லாம், வாயெல்லாம் அவன் கிளப்பிய மண். அந்த வளைவு வந்தது. முன்னால் யார் நிற்கிறார்கள், யார் விழுந்து கிடக்கிறார்கள், எதுவும் தெரியவில்லை. தூசிக்கு மேலே அவன் கை வரவில்லை. வேகத்தைக் குறைக்காமல் உள்ளே போனேன்.