மூச்சு விடும் பாறை

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். யாரையும் நம்பவைக்க எனக்குத் தெம்பில்லை. நடந்தது நடந்ததுதான். அதுவும் பட்டப்பகலில், மலேசியாவின் மெர்சிங் கடலில்.

கடலுக்கடியில் சில இடங்களில் எரிவாயு கசியும். அங்கே பாறை உருவாகும், சிப்பியும் நண்டும் குடியேறும். கேமராவை இறக்கி அதையெல்லாம் படம்பிடிப்பது என் வேலை. நாங்கள் மூன்று பேர். நான் கஸ்தூரி, கயிறும் காற்றுக்குழாயும் பார்க்கும் விஜயன், கடலடிக்கு முங்கும் நவ்சாத் அண்ணன். அண்ணன் மூச்சு விடுவதே தனி தினுசு. இரண்டு குட்டை, ஒரு நீளம். பழைய லாரி என்று கேலி செய்வேன்.

மதியம் 3:10. திரையில் ஒரு பாறை. அதன் இடுக்கிலிருந்து குமிழிகள் வந்தன. நின்றன. மறுபடி வந்தன... நின்றன.

நான் பார்த்தவரை வாயு ஒரே சீராகத்தான் கசியும். இப்படி விட்டு விட்டு வருவது முங்கியிருக்கும் ஆளின் மூச்சு.

“யாரோ மாட்டிக்கிட்டு இருக்காங்க லா!” அண்ணன் தலைக்கவசத்தை எடுத்தார்.

“சுத்தி ஒரு படகுகூட இல்லண்ணே. ஆள் எப்படி இருக்கும்?” என்றேன்.

“உயிரோட இருந்தா? பாத்துட்டு சும்மா போகச் சொல்றியா?”

விஜயன் கவசத்தைப் பூட்டி அவரை இறக்கினான்.

கவசத்துக்குள் ஃபோன் உண்டு. அவர் மூச்சு என் காதில் கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நீளம். திரையில் அவர் பாறையை நெருங்கி, இடுக்கில் விளக்கை அடித்தார்.

“யாருமில்ல. சின்ன ஓட்டை. என் கைகூட நுழையாது.”

அப்போதுதான் கவனித்தேன். காதில் இன்னொரு மூச்சு. மெதுவாக... ஈரமாக...

“அண்ணே, கொஞ்சம் மூச்ச அடக்குங்க.”

அடக்கினார். அவர் குமிழிகள் நின்றன.

ஹ்ஹா... ஹ்ஹா...

அது நிற்கவில்லை.

“கஸ்தூரி...” அண்ணன் குரல் நடுங்கியது. “இது என் கவசத்துக்குள்ள இருந்து வருது. தூக்குங்க!”

திரை கலங்கியது. வெறும் மணல்.

விஜயன் இழுத்தான். நானும் ஓடிப்போய் இழுத்தேன். கயிறு அசையவில்லை. காதில் அண்ணன் என் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிறகு கயிறு லேசானது.

கவசம் மட்டும் வந்தது.

பூட்டு திறக்கப்படவே இல்லை.

உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. போன வாரம் அவர் மனைவி ஷிரீன் அக்கா பத்து பகாட் ஊரிலிருந்து வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவரு மௌத்தாயிட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லு கஸ்தூரி. நான் விதவையா இத்தா இருக்கணும். துக்கத்துல உக்காரவும் முடியல, காத்திருக்கவும் முடியல.”

சொல்லியிருப்பேன். ஆனால் அன்று காலைதான், அதே பாறையைப் படம்பிடித்த வேறொரு படகுக்காரர்கள் எனக்கு வீடியோ அனுப்பியிருந்தார்கள்.

இப்போது அங்கே இரண்டு இடுக்குகள். இரண்டிலும் குமிழிகள்.

ஒன்று, மெதுவாக.

இன்னொன்று... இரண்டு குட்டை, ஒரு நீளம்.