பாஸ்கல் அண்ணனின் நீளாத முழங்கை

பாஸ்கல் அண்ணன் பதினெட்டு வருடமாக ஈப்போவின் குனோங் ராபாட்டில் பள்ளி வேன் ஓட்டுகிறார். சுங்காய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தோம் நாங்கள் இருவரும். தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது குடும்பம் ஈப்போவுக்கு வந்தது. அண்ணன் லாரியில் ஏறினார், கிடங்கில் மூட்டை தூக்கினார், கடைசியில் ஒரு வெள்ளை வேனில் நிலைத்தார். பதினொரு வாசல், பதினான்கு பிள்ளைகள். எந்த வாசலில் எத்தனை ஹார்ன் அடிக்க வேண்டும் என்பது அவருக்கு மட்டும் தெரியும்.

ஜூன் நடுவில் ஒரு சனிக்கிழமை. வேன் கூரையைக் கழுவ பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறினார். சோப்புத் தண்ணீரில் நாற்காலி வழுக்க, இடது கையை ஊன்றி விழுந்தார். முழங்கை எலும்பு பின்பக்கமாகத் துருத்திக்கொண்டு நின்றதாம். மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்து மூட்டைத் திரும்ப உட்கார வைத்தார்கள். எலும்பு எதுவும் முறியவில்லை. கழுத்தில் கைக்கட்டை மாட்டி அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். வேனை ரோசம்மா அண்ணியின் தம்பி கால்வின் எடுத்துக்கொண்டான். தொழிற்சாலைப் பேருந்து ஓட்டியவன், அதற்கான உரிமம் இருந்தது.

நான் பெர்த்தில் இருக்கிறேன். தூரத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் தினமும் தொலைபேசியில் பயப்படுவது.

"கைய அசைக்காதீங்க அண்ணே."

"அசைக்கலலா. ஒங்க அண்ணி தண்ணி கிளாஸக்கூட தூக்க வுட மாட்டேங்குறா."

ஆகஸ்டில் நான் வந்து இறங்கியபோது கைக்கட்டு இல்லை. ஆனால் கை, கட்டு இன்னும் இருப்பதுபோலவே மடங்கி நின்றது.

"நீட்டுங்க பாப்போம்."

"நீட்டித்தான் வச்சிருக்கேன்."

அன்று மாலை அண்ணியின் வேதாகமத்துக்குள் மருத்துவமனைத் தாள் மடித்து வைக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். மலாயில் தெளிவாக எழுதியிருந்தது: ஏழு நாள் கழித்துக் கட்டைக் கழற்றி முழங்கையை அசைக்கத் தொடங்கவும், பயிற்சிக்கு வரவும்.

"எத்தன நாள் கட்டியிருந்தாரு அண்ணி?"

"ஆறு வாரம். அன்னம்மா திருவிழாவுக்கு புக்கிட் மெர்தாஜாம் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி, அவங்க காலடியிலதான் கட்ட அவுப்பேன்னு நேர்ந்துக்கிட்டேன். திருவிழா ஜூலை கடைசியிலதான வருது?"

"ஏழு நாள்னு எழுதியிருக்கு அண்ணி."

"ஏழு நாள் போதும்னுதான எழுதியிருக்கு? கூட வச்சா இன்னும் கெட்டியாவும்னு நெனச்சேன்." பிறகு என்னைப் பார்த்தார். "நீயுந்தான தெனமும் அசைக்காதீங்கன்னு சொன்ன?"

மூட்டு கெட்டியாகத்தான் ஆகியிருந்தது.

மறுநாளே பயிற்சிக்குக் கூட்டிப்போனேன். சிகிச்சையாளர் நிரோஷா, யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஈப்போவிலேயே பிறந்தவர். கோணமானியை முழங்கையில் வைத்து அளந்தார். முழுதாக நீள இன்னும் நாற்பது பாகை இருந்தது.

"ஆறு கிழமையோ!" என்றார். "ஐயா, முழங்கைக்கு ஓய்வு ஆகாது. சும்மா வச்சிருந்தா மூட்டைச் சுத்தியிருக்கிற உறை சுருங்கிப்போகும். ஆராவது இழுத்து நீவினவையோ?"

"இல்ல. மலாய் முறையில நீவி ஊருட் பண்ற ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னு மச்சான் சொன்னான்."

"வேண்டாம். முரட்டுத்தனமா நீவினா தசைக்குள்ள எலும்பு வளரும். வலி தொடங்குற இடம் வரைக்கும் நீங்களே மடக்கி நீட்டுங்கோ. ஒரு நாளைக்கு ஆறு தரம்."

"செப்டம்பர் லீவு முடிஞ்சி ஸ்கூல் தொறக்கும்மா. எனக்கு கியர் போடணும்."

"கடைசிப் பத்துப் பாகை வராமலே போகலாம். மிச்சம் வரும். ஆனா மாசக்கணக்கா ஆகும்."

ஆறு தரம் என்றதை அண்ணன் பத்துத் தரம் செய்தார். சுடுநீர்த் துண்டைச் சுற்றிக்கொள்வார், மேசை விளிம்பில் கையை வைத்துப் பல்லைக் கடிப்பார். இரண்டு வாரத்தில் நாற்பது முப்பத்துமூன்றானது.

"ஏழு டிகிரியா மச்சான்?" என்றான் கால்வின். "வேனுக்கு அஞ்சு கியர்தான்லா, போதும்."

ஈரத் துண்டு அவன் முகத்தில் போய் விழுந்தது. அன்றிரவு பெற்றோர் வாட்சப் குழுவில் ஒரு தாய் எழுதியிருந்தார்: "கால்வின் அங்கிள் நல்லா ஓட்றார், அவரே ஓட்டட்டுமே." கீழே ஆறு கட்டைவிரல்கள். அண்ணன் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தார்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் சாவியை எடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பின்னால் இழுக்கும் இரண்டாவது கியர் எளிதாக விழுந்தது. மூன்றாவதை முன்னால் தள்ள வேண்டும். கை போதவில்லை. உடம்பையே சாய்த்தார். உடம்போடு ஸ்டியரிங்கும் திரும்பியது. வேன் சாக்கடை விளிம்பில் நின்றது.

வலது கையால் ஸ்டியரிங்கை அடித்தார். "ஒரு கட்டுத்துணிக்கு ஆறு வாரம்! ஆறு வாரம்!"

கேட் அருகே அண்ணி நின்றிருந்தார். உள்ளே போனார். அண்ணன் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தக் கத்தலில் பாதி எனக்கும் சேர வேண்டியது.

திங்கள் காலை, சட்டை மாட்டிக்கொண்டு அண்ணன் வெளியே வந்தார். கால்வின் ஏற்கெனவே இஞ்சினைப் போட்டிருந்தான். அண்ணன் பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு பின்னிருக்கையில் ஏறினார்.

"எங்க மச்சான் கெளம்பிட்டீங்க?"

"பவித்ரன் வூட்டு வாசல்ல ரெண்டு ஹார்ன் அடிச்சியாமே? அவன் தங்கச்சி கைப்புள்ள, தூங்கும். ஒண்ணுதான். ஓட்டு, நான் கதவப் பாத்துக்குறேன்."

அந்தக் கதவு பழையது, உள்ளேயிருந்து திறக்க இடது கையால் பின்னோக்கித் தள்ள வேண்டும். தள்ளும்போது முழங்கை நீண்டே ஆக வேண்டும். நிரோஷாவிடம் கேட்டோம், மெதுவாகச் செய்தால் சரி என்றார். பதினொரு வாசல், காலையும் மதியமும். ஒவ்வொரு தடவையும் அண்ணன் ஏதோ முனகினார். ஜெபமா வசவா என்று நான் கேட்கவில்லை.

வியாழக்கிழமை திரும்பிவிட்டேன். போன வாரம் பெர்த்திலிருந்து அழைத்து, "இப்ப எத்தன அண்ணே?" என்றேன்.

"இருவத்தாறு. தெனமும் கேக்காத. மூணாவது கியர் வுழுந்தா நானே கூப்புடுறேன்."

ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் கூப்பிடவில்லை.