காலிக் கொக்கிகள்

சரவிளக்கு மாட்டிப் பிழைக்கிறவன் பாதி வாழ்நாளை அண்ணாந்தும் மீதியை ஏணியிலும் கழிக்கிறான். கழுத்துவலி கண்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கோயிலுக்கு வந்தது

ஜமீன் ஒழிந்த பிறகு ராமநாதபுரத்துப் பெரிய வீடொன்றின் பழைய சரவிளக்கைக் கடற்கரை மீனவர்கள் தங்கள் மாதா கோயிலுக்கு வாங்கினார்கள். மாட்டியவன் நான். வளைந்தோடும் பித்தளைக் கொடிகள். கொடிநுனிகளில் பூவாய் விரிந்த கண்ணாடிக் கிண்ணங்கள். அடியில் வட்டம் வட்டமாகக் கொக்கிகளில் ஆடும், பட்டை தீட்டிய கண்ணாடித் தொங்கட்டான்கள். மெழுகுவத்தி ஏற்றியதும் சுவரெங்கும் வானவில் துண்டுகள் நகர்ந்தன. இத்தனை காலம் விளக்குகளைத் துடைத்தேனே, ஒன்றையாவது பார்த்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது. சங்கு குளிக்கும் சவரிமுத்து வாய் பிளந்து நின்றார்.

"தண்ணிக்குள்ள முங்கி மேல பாத்தா இப்படித்தான்யா மினுங்கும்!"

களவு

அடுத்த திருவிழாவுக்குத் துடைக்கப் போனேன். கீழ் வட்டத்தில் பாதித் தொங்கட்டான்களைக் காணோம். பதமாகக் கழற்றியிருந்தார்கள். "கோயில்லயே களவா?" என்று கத்தினேன். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் சிரித்தார். கடலுக்குப் போகிறவர் ஒன்றைக் கழற்றி மடியில் முடிந்துகொள்வாராம். கரை சேர்ந்ததும் தானே மாட்டிவிடுவாராம். யார் தொடங்கிய வழக்கமோ. "விளக்கோட அழகு போச்சே" என்றேன்.

"அழகு கடலுக்குப் போயிருக்கு. அந்திக்கு வந்துரும், இருந்து பாரும்."

ஒன்று மட்டும்

இருந்தேன். உப்பு காயாத உடம்போடு ஒவ்வொருவராக ஏணியேறி மாட்டினார்கள். விளக்கு என் கண்முன் நிறைந்துகொண்டே வந்தது. எந்தக் கைவினைஞன் இதை நினைத்து இத்தனை கொக்கி வைத்திருப்பான்? கடைசியில் ஒரு கொக்கி மட்டும் காலி. சிறு தோணியில் தனியாகப் போன சவரிமுத்து திரும்பவில்லை. திருவிழா விளக்கு மூளியாக இருக்கலாமா என்று, என் பையிலிருந்த உபரித் தொங்கட்டானோடு ஏறப் போனேன். அவர் மனைவி அந்தோணியம்மாள் ஏணியைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணாச்சி, மாட்டிறாதீக! அது நெறஞ்சா அவரு வந்துட்டாருன்னு ஆயிரும். அப்புறம் தேட யாரு போவா?"

விடிந்ததும்

காலிக் கொக்கியை அண்ணாந்து பார்த்தவர்கள், ஈரத் துணியை மாற்றாமலே திரும்பக் கடலில் இறங்கினார்கள். விடிந்ததும் பாய்மரம் முறிந்த தோணியைக் கட்டி இழுத்துவந்தார்கள். நிற்கத் திராணியில்லாத சவரிமுத்து நேரே கோயிலுக்கு வந்து மடியை அவிழ்த்தார். "குடுங்க, நான் மாட்டுறேன்" என்றேன்.

"இது எங்கையால மாட்டணும். நீரு ஏணியைப் பிடியும், போதும்."

அத்தனை வருடத் தொழிலில் நான் ஏணி மட்டும் பிடித்த விளக்கு அது ஒன்றுதான். உருப்படியாகச் செய்த வேலை எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.