பேச்சியம்மன் திறந்துவிட்ட மெயில்

ஆத்தாளை நம்பியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் பாண்டியம்மாள், ஊர் உசிலம்பட்டி. 2007 ஆடி மாதம் எங்கள் வீட்டில் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். ஆனிக் கடைசியில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள். "நீங்க பேசுறதெல்லாம் அவருக்குப் புரியும்மா" என்றார் டாக்டர். புரிந்து என்ன செய்ய? எதைக் கேட்டாலும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். பேனாவைக் கொடுத்தால் தட்டிவிடுவார்.

அந்த நேரத்தில்தான் மகள் செல்விக்குச் சென்னைக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. இன்டர்வியூ லெட்டரை மெயிலில் அனுப்பியிருக்கிறார்களாம். அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வந்தால்தான் உள்ளே விடுவார்களாம். அவள் கொடுத்திருந்தது அப்பாவின் மெயிலை. பாஸ்வேர்டு வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பதிந்து கிடந்ததால் யாரும் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

முந்தின நாள்தான், கம்ப்யூட்டர் ஆமையாக ஊர்கிறதே என்று நான் உட்கார்ந்து பழசையெல்லாம் அழித்திருந்தேன். இருந்த கட்டத்திலெல்லாம் டிக் அடித்தேன், பாவி. பாஸ்வேர்டும் அதோடு போய்விட்டது.

பிரௌசிங் சென்டர் முருகன் வந்து பார்த்தான். "அக்கா, நீங்க ஒண்ணையும் விட்டுவைக்கல. மறந்தா கேக்குற கேள்விக்கும் அண்ணனுக்குத்தான் பதில் தெரியும். நான் என்ன செய்ய?" என்றான். அவரிடமே கேட்டுப் பார்த்தோம், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கம்பெனியில் கேட்டால், பதிவு செய்த மெயிலுக்குத்தான் அனுப்புவோம் என்று போனை வைத்துவிட்டார்கள். செல்வி என்னைத் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். "விடும்மா, எனக்குக் குடுத்து வச்சது அம்புட்டுத்தான்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் குலதெய்வம் பேச்சியம்மன் படத்துக்கு விளக்கேற்றினேன். கும்பிட வாய் வரவில்லை. சண்டைதான் வந்தது.

"ஏ ஆத்தா! அவரு பேச்சைப் புடுங்கிக்கிட்ட, கேட்டேனா? கையைப் புடுங்கிக்கிட்ட, கேட்டேனா? எம்புள்ள பொழப்புமா வேணும் ஒனக்கு? எனக்கு ஒரு வழியும் தெரியல. நீ கண்ணத் தொறக்குற வரைக்கும் இந்த வெளக்குக்கு எண்ணெய் கெடையாது, சொல்லிட்டேன்!"

கத்தி அழுதேன். பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. அவர் இடது கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். நானும் செல்வியும் ஓடிப்போய்ப் பிடித்தோம். "ஏங்க, தண்ணி வேணுமா?" என்றேன். இல்லையென்று தலையாட்டிவிட்டுக் கம்ப்யூட்டரைக் காட்டினார்.

நாற்காலியில் உட்காரவைத்துத் தாங்கிக்கொண்டோம். எப்போதும் வலது கை ஒற்றை விரலில் டைப் அடிப்பவர். இப்போது இடது விரல் தடவித் தடவி எழுத்தைத் தேடியது. கட்டத்தில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது. அப்புறம் இன்னொன்று. முதல் தடவை தப்பாகிவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. மறுபடியும் அடித்தார். மெயில் திறந்துகொண்டது.

"அப்பா!" என்று செல்வி அவர் தோளில் விழுந்து அழுதாள். அவர் கண்ணிலும் தண்ணீர். அத்தனை நாளுக்கப்புறம் மகள் முகத்தைப் பார்த்தார்.

பாஸ்வேர்டை ஞாபகம் வைத்துக்கொள்ளவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. செல்வி அமுக்கப் போனாள். "வேணாம்டி" என்று கையைப் பிடித்தேன். "நாளைக்கும் அப்பாவே எந்திரிச்சு வந்து அடிக்கட்டும்."

அன்று சாயங்காலமே ஆத்தாளுக்கு எண்ணெய் ஊற்றினேன். சனிக்கிழமை லெட்டரோடு சென்னைக்குப் போன செல்விக்கு அந்த வேலை கிடைத்தது. அவர் தினமும் எழுந்து வந்து மெயில் திறந்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு வந்தது. இப்போது கடையில் உட்கார்ந்து திக்கித் திக்கி வியாபாரம் பார்க்கிறார். பாஸ்வேர்டு என்னவென்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

வழி தெரியாமல் நிற்கிறீர்களா? ஆத்தாளிடம் போங்கள். கும்பிட வாய் வராவிட்டால் சண்டை போடுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.