ஆம்பூரில் என் காலில் ஊர்ந்த எறும்பு

சனிக்கிழமை காலை 8.10க்குக் காட்பாடியில் ரயிலிலிருந்து இறங்கி, வேலூர் போய் ஆம்பூர் பேருந்து பிடித்தேன். சுமார் ஐம்பது கிலோமீட்டர். சில்லறை இல்லாததற்கு நடத்துநரிடம் வாங்கிய பேச்சு இலவசம். மாதனூரில் கம்பெனிப் பேருந்துக்காக நின்ற பெண்கள் எங்கள் வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் கல்லூரித் தோழன் சலீம் ஆம்பூரில் ஒரு ஷூ தொழிற்சாலையில் சாம்பிள் பிரிவில் இருக்கிறான். பிரியாணிக்குத்தான் அழைத்திருந்தான். வாசலிலேயே கேட்டான்:

“உன் கால் எட்டாம் நம்பர்தானே?”

சாம்பிளைப் போட்டு நடந்து பார்க்கிறவருக்குக் காய்ச்சலாம். ஆர்டர் கொடுக்க வந்திருந்த இத்தாலிக்காரருக்கு நான் நடந்து காட்ட வேண்டும். அவர் சரி என்றால் வேலை முடிந்தது. இல்லையென்றால் ஞாயிறும் சலீம் இங்கேதான். அந்த ஞாயிறு அவன் தங்கைக்கு நிச்சயதார்த்தம்.

10.30 மணி. நடந்தேன், படி ஏறினேன், உட்கார்ந்து எழுந்தேன். அரை மணியில் இடது கால் விரல்களில் குறுகுறுவென்று எறும்பு ஊர ஆரம்பித்தது. இத்தாலிக்காரர், “ஓகே?” என்றார். சலீம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் இந்த ஷூவை வாங்கப்போகிற யாரோ ஒருவனின் கால் நினைவுக்கு வந்தது.

“எறும்பு ஊருது” என்று தமிழிலேயே சொல்லி, முழங்காலில் விரல்களை நடக்கவிட்டுக் காட்டினேன்.

அவர் முகம் மலர்ந்தது. “ஃபொர்மிகோலியோ!” என்று தன் தொடையில் அதேபோல் விரல்களை ஓடவிட்டார். அவர் மொழியில் இந்தக் குறுகுறுப்புக்குப் பெயர், எறும்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்ததாம். அவர் ஊர்க் கால்களிலும் நம் எறும்புகள்தான்!

சலீம் ஷூவைக் கழற்றி உள்ளே தடவினான். லேஸுக்கு அடியில் வரும் நாக்குப் பட்டையில் வைத்த பஞ்சு கனம் ஜாஸ்தி, அதுதான் காலை அழுத்தியிருக்கிறது. “என் தப்புதான்” என்று பிரிக்க உட்கார்ந்தான். எனக்குத்தான் முகம் வாடியது.

பிரித்ததைத் தையலுக்கு அனுப்பிவிட்டு, அது தைத்து வருவதற்குள் மூவரும் சாப்பிட்டோம். பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும் போன வேகத்தில் எனக்குத் தலை சுற்றியது. விரலால் வட்டம் போட்டேன். இத்தாலியிலும் தலை சுற்றத்தான் செய்யுமாம். சலீம் வீட்டு உருதுவில் அதற்குச் சக்கர் வரும், அதுவும் சுற்றுதான். மூவர் விரலும் ஒரே வட்டத்தைப் போட்டன, பரிமாறியவர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மாலை ஆறு மணிக்கு மறுபடி நடந்தேன். ஒரு மணி நேரம் ஆகியும் எறும்பு வரவில்லை. இத்தாலிக்காரர் கையெழுத்துப் போட்டார். சலீமின் ஞாயிறு பிழைத்தது.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கால் மரத்துப்போகும், அவ்வளவுதான். மரத்துக்கு என்ன தெரியும்? கல்லூரியில் சலீமிடம் கற்ற எறும்பைச் சொன்னதால்தான் வேறொரு நாட்டுக்காரருக்குப் புரிந்தது.

பேருந்தில் ஏற்றிவிட வந்த சலீமிடம், “கோவமாடா?” என்று கேட்டேன்.

“காலைல இருந்துச்சு. இப்ப இல்ல தோஸ்த்” என்றான். “ஆனா இன்னொரு வாட்டி கால் கொடுக்க வந்தா, பதில் சொல்றப்ப என் மூஞ்சியப் பாக்காத. நானே கண்ணால பொய் சொல்லுன்னு கெஞ்சிட்டு இருந்தேன்.”