சத்தியமங்கலத்தைவிடப் பக்கம்

எங்கள் அப்பா தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்க மாட்டார். கிணத்துக்கடவில் காலையில் பஸ் ஏறிப் போய், சாயங்காலம் பால் கறக்கிற நேரத்துக்குள் திரும்ப முடிந்தால் அது பக்கத்து ஊர். முடியாவிட்டால் சீமை. மகளைச் சீமைக்குக் கொடுக்க மாட்டேன் என்று சத்தியமங்கலத்து வரனையே தட்டிக் கழித்தவர். எனக்கு அதில் துளி வருத்தமில்லை. பீளமேட்டில் என்னோடு ஒரே கல்லூரியில் படித்த சீனியர் ஒருவரை மனதுக்குள் வைத்திருந்தேன். தூரத்துச் சொந்தம்தான், ஜாதகமும் பொருந்திவிட்டது. ஒரே கோளாறு, வேலை சான் பிரான்சிஸ்கோவில்.

தொண்ணூறுகளின் நடுவில், லீவுக்கு வந்தவர் பெற்றோரோடு என்னைப் பெண் கேட்டு வந்தார். மற்றவர்கள் சம்பளம் கேட்பார்கள். அப்பா விமான டிக்கெட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். சிங்கப்பூரில் காலை ஒன்பதுக்குக் கிளம்பி, சான் பிரான்சிஸ்கோவில் அதே நாள் காலை பத்தரைக்கு இறங்குவதாக அதில் போட்டிருந்தது.

"ஏனுங்க தம்பி, ஒன்றரை மணி நேரந்தானுங்களா?" அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடியும் பார்த்தார். "இது உடுமலைக்குப் போற நேரமுங்க! சத்தியமங்கலத்தைவிடப் பக்கமால்ல இருக்குது!"

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. என் சீனியர் வாயை மூடிக்கொண்டு காப்பியைக் குடித்தால் போதும், கல்யாணம் முடிந்த மாதிரி. படித்த மனுசன் சும்மா இருப்பாரா?

"இல்லைங்க மாமா. அங்கத்த நேரம் நமக்குப் பின்னால இருக்குதுங்க. அந்த ஒரு பிளேன்லயே பதினேழு மணி நேரத்துக்கு மேல ஆகும். இங்கிருந்து ஊடு போய்ச் சேர ரெண்டு நாள் ஆயிருமுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இவ்வளவு நேர்மையை இவரிடம் யார் கேட்டது?

அப்பா டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் கேட்டார்.

"எனக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, எடுக்கறதுக்குள்ள புள்ள வந்து மொகத்தைப் பாத்துருவாளுங்களா?"

பால் கறக்கிற கணக்கெல்லாம் வெறும் சாக்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த ஒரு இடத்திலாவது சீனியர் ஒரு பொய் சொல்லித் தொலைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"சேதி கெடைச்ச ரெண்டாம் நாள் கூட்டிட்டு வந்துருவேனுங்க மாமா. அதுக்கு முந்தி முடியாதுங்க."

அப்பா மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"கோயமுத்தூர்ல இப்ப ஐஸ் பொட்டி வாடகைக்குக் கெடைக்குதுங்கறாங்க. ரெண்டு நாள்தானுங்களே, படுத்துக் கெடந்துக்கறேன்" என்றவர் கதவுப் பக்கம் திரும்பினார். "கண்ணு, மாப்பளைக்கு எலை போடு."