மூலையில் பிள்ளை இருக்கான்

மூத்த பேரன் பெங்களூரில் இன்ஜினியர். பேத்தி மதுரையில் டாக்டருக்குப் படிக்கிறாள். ஹாஸ்டலில் இருக்கிற கடைக்குட்டி போன வாரம் கபடியில் கோப்பை வாங்கினான். சொல்லிக்கொள்கிறேன், தப்பில்லையே.

பத்து வருஷமாகப் பூட்டிக் கிடந்த வன்னியம்பட்டித் தோட்டத்தைச் சுத்தம் செய்ய இன்று ஜேசிபி வந்தது. உள்ளே ஆள் உயரத்துக்குச் சீமைக் கருவேலம்.

"தம்பி, கிணத்து மூலையில பிள்ளை இருக்கான், பாத்து ஓட்டு" என்றேன்.

என் மாமனாருக்கு அண்ணன் ஒருவர். வெள்ளைக்காரன் காலத்தில் மூன்று வயதில் காலராவில் போய்விட்டார். புதைத்த இடத்தில் மாதுளை வைத்தார்கள். அதை எங்கள் வீட்டில் பிள்ளை என்றுதான் சொல்வோம்.

டீ வாங்கி வந்து பார்த்தால் மூலையில் வெறும் மண்.

"ரெண்டு தடவ எறங்கிப் பாத்தேன் ஆச்சி. பிள்ளை ஒண்ணையும் காணும். பொறவுதான் எடுத்தேன்" என்கிறான் டிரைவர்.

அந்நேரம் மூத்த பேரன் போனில், "சுத்தமாயிருச்சா ஆச்சி? நம்ம குடும்ப குரூப்புல புதுப் போட்டோ போடுங்க" என்றான்.

புதுப் போட்டோவை இந்தக் குரூப்பில் இருக்கிற நீங்கள் எல்லாரும் போடுங்கள், உங்கள் முகங்களை நான் பார்க்க. அந்த மாதுளை தெரிகிற பழைய படம் யாரிடமாவது இருந்தால் அதையும் போடுங்கள்.

ஊரை விட்டுப் போகாத பிள்ளை எங்கள் வீட்டில் அவன் ஒருவன்தான் இருந்தான்.